கண்ணாடி குளிரும் வரை

ஏசியைப் போட்டால் காரின் கண்ணாடி தெளிய வேண்டும். கராஜில் தரை கூட்டுகிறவனுக்கும் தெரிந்த சங்கதி இது. மழை நாளில் நாலு பேர் உள்ளே ஏறி மூச்சு விட்டால் கண்ணாடி மங்கும். ஏசியைத் தட்டினால் அது காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடித்துவிட்டுப் பாதையைக் காட்டும். குண்டசாலை வீட்டுப் போர்ட்டிகோவில் நின்ற இந்தக் காரில் காரியம் தலைகீழாக நடந்தது. வீரய்யா சுவிட்சைத் தட்டினான். கொம்ப்ரசர் 'டக்'கென்று பிடித்தது. டேஷ்போட் துவாரங்களிலிருந்து காற்று இரைந்து வந்தது. அது குளிரக் குளிர முன்கண்ணாடி மங்கத் தொடங்கியது. முழுக் கண்ணாடியும் அல்ல. ஸ்டியரிங்குக்கு நேர் எதிரே, சாரதியின் முகம் இருக்கவேண்டிய உயரத்தில், ஒரு சாப்பாட்டுத் தட்டின் அகலத்துக்கு மட்டும்.

சாரதி இருக்கையில் யாரும் இல்லை. வீரய்யா இடப்பக்கக் கதவைத் திறந்து, குனிந்து, கையை எட்டிப் போட்டுத்தான் சாவியைத் திருப்பியிருந்தான். வலப்பக்கம் போய் உட்கார்ந்து ஆறுதலாகவே செய்திருக்கலாம். அந்த இருக்கையில் உட்கார அவனுக்கு உடம்பு இடம் கொடுக்கவில்லை.

அது நவரட்ணராஜா ஐயாவின் இருக்கை. ஐயா நீர்ப்பாசன இஞ்சினியர், யாழ்ப்பாணத்தார், குண்டசாலையில் இந்த வீட்டில் மனைவி கமலாசனி டீச்சரோடு, பிள்ளை குட்டி இல்லாமல், ஒருவருக்கொருவர் பிள்ளையாக வாழ்ந்தவர். சித்திரை வெயிலில் ஏசி செத்துப்போன காரோடு கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் இருக்கும் மர்சூக் நானாவின் கராஜுக்கு வந்தார். அங்கே ஏசி வேலை வீரய்யாவுடையது. நாவலப்பிட்டிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கொழுந்துக் கூடைக்குத் தப்பி வந்து ஸ்பேனரைப் பிடித்தவன் அவன். கொம்ப்ரசரைச் சரிபண்ணி, கேஸ் அடித்து, கையோடு ஹீட்டரையும் துண்டித்துவிட்டான். இலங்கையில் எந்தக் கராஜும் செய்கிற வேலைதான் அது. ஜப்பான்காரன் தன் ஊர்ப் பனிக்கு வைத்து அனுப்புகிற ஹீட்டர் இங்கே யாருக்கு வேண்டும்? எஞ்சினிலிருந்து அதற்குச் சுடுதண்ணீர் கொண்டுபோகும் குழாய்கள் இரண்டையும் கழற்றி ஒன்றோடொன்று மாட்டிவிட்டால், நாளைக்கு அது ஒழுகித் தொல்லை கொடுக்காது.

சாவியைக் கொடுக்கும்போது வீரய்யா எல்லாருக்கும் சொல்வதை ஐயாவுக்கும் சொன்னான்.

"கண்ணாடிய முழுசா ஏத்தி வச்சுக்கங்க சார். கொஞ்சம் எறக்கினாலும் கூலிங் பூரா ரோட்டுக்குத்தான் போகும்."

"சரி ஐசே, உம்மட சொல்லைக் கேக்கிறன்," என்று ஐயா சிரித்தார்.

கேட்டார். அதுதான் வினையாகப் போயிற்று. தலதா மாளிகையில் குண்டு வெடித்த வருஷம் அது. கண்டியைச் சுற்றி மூலைக்கு மூலை சோதனைச்சாவடி. தமிழன் ஓட்டுகிற கார் சாவடிக்குக் கிட்ட வந்தால் வேகத்தைக் குறைத்து, பெரிய லைட்டை அணைத்து, கண்ணாடியை இறக்கிவிட்டுக் காதைத் தீட்டி வைத்துக்கொள்ள வேண்டும். வைகாசி மழையில், பொழுதுபடுகிற நேரம், ஐயா கண்ணாடியை முழுக்க ஏற்றி, காற்றை முழு வேகத்தில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார். முதல் நாள் இல்லாத இடத்தில் அன்றைக்கு ஒரு சாவடி முளைத்திருந்தது. "நவத்தன்ன! நில்!" என்று கத்தினார்களாம். மழை இரைச்சலிலும் ஏசி இரைச்சலிலும் அது அவர் காதில் விழவில்லை. பின்கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு வந்த தோட்டா முதுகில் பாய்ந்தது. விசாரித்தார்கள், வருந்தினார்கள், உடைந்த கண்ணாடியை மாற்றிக் காரைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஐயாவைத் திருப்பிக் கொடுக்க யாராலும் ஆகவில்லை.

செத்த வீட்டுக்கு வீரய்யா போகவில்லை. போகக் கால் வரவில்லை. ஐப்பசி பிறந்து மறுபடி மழை பிடித்துக்கொண்டபோது மர்சூக் நானா அவனைக் கூப்பிட்டார்.

"குண்டசாலைக்கு ஒருக்கா போய்ட்டு வாங்கோ வீரய்யா. இஞ்சினியர் ஐயாட ஊட்டுல இருந்து டீச்சர் கோல் எடுத்த. காரு சும்மா நிண்டா பழுதாப் போகும், நாளாந்தம் ஸ்டார்ட் பண்ணி வைங்கோண்டு நான்தான் சொல்லி ஈந்தேன். இப்ப ஏசி சரியில்லயாம். உங்களயே அனுப்பச் சொல்றா."

"என்னையவா?"

"ஓ. பேரச் சொல்லித்தான் கேட்ட."

அப்படித்தான் இன்றைக்கு இந்தப் போர்ட்டிகோவில் வந்து நிற்கிறான். சாரல் அடிக்காமலிருக்க முன்னாலும் பக்கத்திலும் தார்ப்பாய்ப் படங்கு கட்டியிருந்தது. பட்டப்பகலிலேயே உள்ளே இருட்டு. ஈரச் சீமெந்தும் கரிப்புகையும் சேர்ந்து மணத்தது. வீட்டு வாசற்படியில், வெள்ளைச் சேலை உடுத்தி, நிலையைப் பிடித்துக்கொண்டு டீச்சர் நின்றார். ஐயா காரில் போகும்போது பக்கத்தில் பார்த்த முகம்தான், ஆனால் பாதியாக இளைத்திருந்தார். இளைத்த கன்னம் வெளிற வேண்டும். டீச்சருக்கு அது சிவந்திருந்தது.

வீரய்யா தொழிலைப் பிடித்துக்கொண்டான். பயம் வந்தால் கைக்கு வேலை கொடு என்பது அவன் வழக்கம். காருக்குள்ளே கண்ணாடி மங்கினால் முதற்காரணம் ஹீட்டர் ஒழுக்கு. சுடுதண்ணீர் கசிந்து ஈரமாகக் கண்ணாடியில் படியும், ஒருவித இனிப்பு மணமும் வரும். பொனட்டைத் தூக்கினான். அவன் மாட்டிய குழாய் அவன் மாட்டியபடியே வளைந்து கிடந்தது. ஹீட்டருக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் போக வழியில்லை. அடுத்த காரணம், கூலிங் கொயிலின் தண்ணீர் வெளியே போகும் குழாய் அடைத்து, உள்ளுக்கு வழிவது. குழாயில் வாயை வைத்து ஊதினான். காற்று தடையில்லாமல் போனது. கால்மிதிக்குக் கீழே கை வைத்துப் பார்த்தான். காய்ந்திருந்தது. மூன்றாவதும் ஒன்று உண்டு. வெளிக்காற்றை எடுக்காமல் உள்காற்றையே சுற்றிச் சுற்றி விட்டால், இருக்கிறவர்கள் விடும் மூச்சே கண்ணாடியில் படியும். அதை மாற்றும் நெம்புகோலைப் பார்த்தான். உள்காற்றுப் பக்கம்தான் இருந்தது.

"அப்பாடா," என்று வாய்விட்டே சொன்னான். "ஒன்னுமில்லீங்க டீச்சர். உள்ள இருக்கவங்க மூச்சுதான் இது."

டீச்சர் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நெம்புகோலை வெளிக்காற்றுக்குத் தள்ளினான். தன் மூச்சும் கணக்கில் சேராமலிருக்கட்டும் என்று தலையை வெளியே எடுத்து, கதவை அடித்துச் சாத்தி, பொனட்டையும் இறக்கிவிட்டு, காரின் முன்னால் வந்து நின்றான். இனி உள்ளே ஆளில்லை. கண்ணாடி தெளிந்தே ஆகவேண்டும். அந்த வட்டம் மெல்லச் சுருங்கியது. ஒரு தேத்தண்ணீர்க் கோப்பையின் வாயளவுக்கு வந்தது. வீரய்யா பெருமூச்சு விட்டான்.

வட்டம் திரும்பப் பெருத்தது.

சுருங்கியது. பெருத்தது. அவசரமில்லாமல், ஓர் ஒழுங்கோடு. வெளியே படங்கில் மழை தட்டியது. உள்ளே காற்று இரைந்தது. சுருங்கியது. கொஞ்சம் நின்றது. பெருத்தது. எங்கே கண்டிருக்கிறோம் இதை? தூங்குகிறவனின் நெஞ்சில். ஆறுதலாக உட்கார்ந்திருக்கிறவனின் நெஞ்சில்.

"அதைத்தான் பாக்கச் சொன்னனான், தம்பி," என்றார் டீச்சர்.

"டீச்சர்... இதை நான் எப்புடிங்க நிப்பாட்டுவேன்?"

"ஐயோ, நிப்பாட்ட வேண்டாம்!" டீச்சர் படியிறங்கி ஓடி வந்தார். "முந்தி நல்லாய்ப் படரும். அரைவாசிக் கண்ணாடி மறையும். இப்ப பாருங்கோ, இவ்வளவுதான் வருது. நாளுக்கு நாள் குறைஞ்சு கொண்டு போகுது. அவர் போகப் போறார் தம்பி. அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டனான்."

அவர் சொல்லச் சொல்ல வீரய்யா கேட்டுக்கொண்டு நின்றான். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கையோடு, பற்றறி இறங்காமலிருக்கத்தான் காரை ஸ்டார்ட் பண்ணினாராம். வழக்கமாகத் தான் இருக்கும் இடப்பக்கத்தில் இருந்து, ஐயா செய்வது போலவே கண்ணாடிகளை ஏற்றி ஏசியைப் போட்டாராம். கண்ணாடி குளிர்ந்தது. வட்டம் வந்தது. அன்றிலிருந்து காலையில் ஏறினால் பொழுதுபடத்தான் இறங்குகிறார். பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டு, அந்த லீவும் முடிந்து, இப்போது யாரும் கேட்பதுமில்லை. இடப்பக்க இருக்கையில் ஒரு தலையணை கிடந்தது. காலடியில் சுடுதண்ணீர்ப் போத்தல்.

வீரய்யாவுக்கு எல்லாம் விளங்கியது. கேஸ் எங்கேயோ மெல்லக் கசிகிறது, குளிர் குறைகிறது, குளிராத கண்ணாடியில் மூச்சுப் பட்டாலும் தெரியாது. அவ்வளவுதான் பழுது. அந்த மூச்சு குறையவில்லை. ஏசி போட்டாலும் போடாவிட்டாலும், படங்கு கட்டிய இந்த இருட்டில், பூட்டிய காருக்குள், இரவு பகலாக அது வந்துகொண்டும் போய்க்கொண்டும்தான் இருக்கிறது.

"டீச்சர், தலை வலிக்குதுங்களா?"

"ஓம். தலையிடிதான். நித்திரையும் கண்ணைக் கட்டுது."

"படங்கக் கட்டிட்டு எஞ்சின ஓடவிட்டா புகை உள்ளதான் நிக்கும். அது ஆளைத் தூங்க வச்சே கொண்டுபோயிருங்க. தெரியவே தெரியாது. கண்ணாடிய ரெண்டு வெரல் எறக்கியாவது வைங்க."

"திறந்தால் குளிர் போயிடும். குளிர் போனால் நான் அவரை எப்பிடிக் காணுறது?" டீச்சர் அவன் முகத்தை நேராகப் பார்த்தார். "நீங்கள்தானே அவருக்குச் சொன்னனீங்கள், திறக்கவேண்டாம் எண்டு."

வீரய்யா தலையைக் குனிந்துகொண்டான்.

"குறையாய்ச் சொல்லேல்லை, தம்பி. வீட்டை வந்து சொன்னவர். கராஜிலை ஒரு நல்ல பொடியன், விளக்கமாய் வேலை செய்யிறான் எண்டு. உங்களிலை அவருக்கு நல்ல விருப்பம்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். கன்னத்தில் அறைந்திருந்தால் கும்பிட்டு வாங்கியிருப்பான். இந்த அன்பை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் அவன் பொனட்டைத் தூக்கி அதற்குள் தலையை விட்டுக்கொண்டு அழுதான். அழுதுகொண்டே கேஸின் அழுத்தம் பார்க்கும் கேஜைப் பொருத்தினான். சவர்க்கார நுரையைத் தொட்டுக் குழாய்ப் பொருத்துகளில் தடவினான். கீழ்ப் பொருத்தில் ஊசித்தலை அளவு குமிழி எழும்பி வெடித்தது. கண்டாயிற்று. உள்ளேயிருக்கும் இறப்பர் வளையம் தேய்ந்திருக்கிறது. மாற்றுவதற்குப் புது வளையம் அவன் பையிலேயே இருந்தது.

அங்கேதான் அவன் நின்று யோசித்தான். மாற்றிக் கேஸ் அடித்தால் ஏசி வருஷக்கணக்கில் ஓடும். டீச்சர் மாசக்கணக்கில்கூட ஓடமாட்டார். முடியாது என்று கையை விரித்துவிட்டுப் போனால், ஒரு தடவை புருஷனைப் பறிகொடுத்தவர் இன்னொரு தடவை பறிகொடுப்பார். அதற்கும் காரணம் இதே வீரய்யாதான். தோட்டத்தில் பிள்ளைக்குப் பால் மறக்கடிக்க வேப்பிலையை அரைத்துத் தடவுவார்கள். முதல் நாள் வீரிட்டு அழும், பிறகு தானாக மறக்கும். அப்படி மெல்ல மறக்கடித்தால் என்ன? வளையத்தை மாற்றவேண்டாம். கேஸை மட்டும் நிரப்புவோம். அது தன்பாட்டில் கசியட்டும். குளிர் குறையும், வட்டம் குறையும், டீச்சர் மனம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறும். ஒரு நாள் காரை விட்டு இறங்கி, சேலை மாற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் போவார். கணக்கு நல்ல கணக்குத்தான். புதுவளையம் பைக்குள்ளேயே இருந்தது.

கேஸ் நிரம்பியதும் பொனட்டைச் சாத்திவிட்டுப் பார்த்தான். பார்க்காமல் போயிருக்கலாம். முன்கண்ணாடியின் வலப்பாதி மேலிருந்து கீழ்வரை வெளுத்தது. ஸ்டியரிங் வளையத்தில், இரண்டு கை பிடிக்கிற இரண்டு இடத்தில், வியர்வை போல ஈரம் பூத்தது. டீச்சர் இடப்பக்கம் ஏறி, கதவைச் சாத்திக்கொண்டு, தலையணையைச் சரிசெய்தார். சாத்திய கண்ணாடிக்குள் அவர் வாய் அசைந்ததை வீரய்யா கண்டான். சத்தம் கேட்கவில்லை. வந்திட்டீங்களா என்றுதான் இருக்கவேண்டும். கல்யாணப் பெண்ணின் சிரிப்பு அந்த முகத்தில் இருந்தது. அவன் பையை எடுத்துக்கொண்டு மழையோடு மழையாக ஓடினான்.

அதற்குப் பிறகு கராஜில் அவனுக்கு வேலை ஓடவில்லை. எந்தக் காரில் ஏசியைப் போட்டாலும் கண் முன்கண்ணாடிக்கே போயிற்று. ஒரு வேனில் கண்ணாடி லேசாக மங்கியதற்குக் குழறிக்கொண்டு வெளியே குதித்தான். பின்சீட்டில் வேன்காரரின் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று மர்சூக் நானா சிரித்தார். சிரித்துவிட்டு, "என்ன நடந்த வீரய்யா?" என்று மெல்லக் கேட்டார். வீரய்யா சொல்லவில்லை. சொன்னால் அதைக் கண்டது உறுதியாகிவிடும் என்று பயந்தான்.

பிறகு ஒரு நாள் பின்னேரம் போன் வந்தது. மர்சூக் நானா ரிசீவரை நீட்டினார்.

"தம்பி," டீச்சரின் குரல் களைத்திருந்தது, நாக்குக் கொஞ்சம் குழறியது. "திரும்பக் குறையுது. குளிர் எங்கையோ போகுது. நீங்கள் சரியாய்த்தானே செய்தனீங்கள்?"

வளையத்தை மாற்றவில்லை என்று எப்படிச் சொல்வான்? மறக்கடிக்கப் பார்த்தேன் என்று சொல்ல முடியுமா? பின்னால் கிரைண்டர் கத்தியது. யாரோ அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். தப்பிக்க ஒரு வார்த்தை வேண்டியிருந்தது. வருஷக்கணக்காகச் சொல்லிப் பழகிய வாய் தானாகவே எடுத்துக் கொடுத்தது.

"கதவு இடுக்கு, கண்ணாடி இடுக்கால போகுதோ என்னமோங்க டீச்சர். நல்லா இறுக்கிச் சாத்திப் பாருங்க."

"ஓ... அப்பிடியே. நல்லது தம்பி. அப்பிடியே செய்யிறன்."

போன் வைக்கப்பட்டது. வீரய்யா கராஜுக்குள் திரும்பி வந்து ஸ்பேனரைக் கையில் எடுத்தான். அப்போதுதான் தான் சொன்னது தன் காதிலேயே விழுந்தது.

ஓடிப்போய்ப் போனைச் சுழற்றினான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி சுழற்றினான். அடித்துக்கொண்டே இருந்தது. உடுப்பைக்கூட மாற்றாமல் ரோட்டுக்கு ஓடினான். ஆமிக்காரர்கள் பாலத்தை மறித்துவிட்டிருந்தார்கள். சுற்றிவளைப்பு. பஸ்ஸிலிருந்த சனத்தையெல்லாம் இறக்கி மழைக்குள் வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். "ஒரு உயிருங்க மாத்தயா, ஒரு பொம்பள உயிரு," என்று தெரிந்த சிங்களத்தில் கெஞ்சினான். அடையாள அட்டையை வாங்கியவன் அதில் பெயரைப் படித்துவிட்டு அவனைத் தனியாக ஒரு பக்கம் குந்த வைத்தான். கிரீஸ் கறையைக் காட்டி, எண்ணெய் மணத்தைக் காட்டி, கடைசியில் மர்சூக் நானா வந்து பேசி அவனை மீட்டபோது, கடைசி பஸ்ஸும் போய்விட்டது. ரோட்டில் ஆள் நடமாட விடவில்லை. அந்த இரவு முழுக்க அவன் கராஜில் உட்கார்ந்து போனைச் சுழற்றினான்.

விடிந்ததும் முதல் பஸ்ஸில் போய் இறங்கினான். மழை விட்டிருந்தது. குண்டசாலை முழுக்கப் பனிமூட்டம். தூரத்து விகாரையில் பிரித் ஓதிக்கொண்டிருந்தார்கள். வெளிவாசல் படலையடியிலேயே எஞ்சின் சத்தம் கேட்டது. இரவெல்லாம் ஓடி அலுத்த எஞ்சின், தளர்ந்து தளர்ந்து, நிற்கப் பார்த்து நிற்காமல்.

படங்கை இழுத்துக் கிழித்தான். புகை அவன் முகத்தில் கவிழ்ந்தது. இருமிக்கொண்டே பார்த்தான். விடியற்குளிரில் காரின் கண்ணாடிகள் எல்லாம் வெளுத்திருந்தன. கதவு இடுக்குகளில் எல்லாம் துணி அடைத்திருந்தது. ஐயாவின் சாரம். ஐயாவின் வேட்டி. ஐயாவின் சேட்டுக் கை ஒன்று கதவு ஓரத்தில் வெளியே தொங்கியது.

"டீச்சர்! டீச்சர்!"

தட்டினான். கதவுகள் எல்லாம் உள்ளுக்குப் பூட்டியிருந்தன. வலப்பக்கப் பின்கதவுக் கண்ணாடியைப் பைக்குள் இருந்த ஸ்பேனரால் அடித்து உடைத்தான். பூட்டைத் திறந்து உள்ளே விழுந்தான். துவாரங்களில் காற்று இரைந்துகொண்டிருந்தது. வெறும் காற்று. கேஸ் எப்போதோ தீர்ந்திருந்தது.

முதலில் எஞ்சினை நிறுத்தவேண்டும். முன் இருக்கைகளுக்கு நடுவே சாய்ந்து, சாரதி இருக்கைக்கு முன்னால் கையை நீட்டிச் சாவியைத் தேடினான். கை போன இடம் சூடாக இருந்தது.

இருக்கையில் ஆளில்லை. ஆனால் இருக்கைக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவிலிருந்த அந்த வெற்றிடம், ஒரு ஆணின் வயிறும் நெஞ்சும் இருக்கிற அளவுக்கு, உடம்புச் சூடாக இருந்தது. வீரய்யா பல்லைக் கடித்தான். சாவி அகப்பட்டது. திருப்பினான். எஞ்சின் உதறி நின்றது. கையை இழுத்துக்கொண்டான். அமைதி.

டீச்சர் இடப்பக்கத்தில் இருந்தார். கண் மூடியிருந்தது. தலை வலப்பக்கம் சரிந்திருந்தது. சரிந்து, கீழே விழாமல், இரண்டு இருக்கைக்கும் நடுவில், ஒன்றுமில்லாத இடத்தில், ஒரு தோளின் உயரத்தில் சாய்ந்து நின்றது. கழுத்தைத் தொட்டான். கல் போலக் குளிர்ந்திருந்தது. போய் வெகுநேரம் ஆகிவிட்டது.

"ஐயோ டீச்சர்... நான்தானே... ரெண்டு பேரையும் நான்தானே..."

எப்படி வெளியே வந்தான் என்று அவனுக்குத் தெரியாது. காரின் வலப்பக்கத்தில், முழங்கால் மடிந்து, சாரதிக் கதவுக்கு நேரே குந்தியிருந்தான். கண்ணீர் தன்பாட்டில் வழிந்தது. உடைந்த இடத்தால் காலைக்காற்று உள்ளே போனது. கண்ணாடிகள் ஒவ்வொன்றாகத் தெளிந்தன. பின்கண்ணாடி தெளிந்தது. முன்கதவுக் கண்ணாடி தெளிந்தது. அதனூடே முன்கண்ணாடி தெரிந்தது.

முன்கண்ணாடியில் மட்டும் மங்கல் போகவில்லை. வட்டமாக மிஞ்சியிருந்தது. ஒன்று அல்ல. ஸ்டியரிங்குக்கு நேரே ஒன்று. டீச்சருக்கு நேரே ஒன்று.

டீச்சரின் வாய் மூடியிருந்தது. நெஞ்சு அசையவில்லை. அவருக்கு நேரேயிருந்த வட்டம் பெருத்தது. நின்றது. பிறகு ஸ்டியரிங் பக்கத்து வட்டம் பெருத்தது. அது சுருங்கும்வரை மற்றது காத்திருந்தது. பிறகு டீச்சர் பக்கம், சின்னச் சின்னதாக, விட்டு விட்டு, வேகமாக. சிரிக்கிறவர்களின் மூச்சு அப்படித்தான் வரும். பிறகு ஐயா பக்கம். மாறி மாறி. ஆறுதலாக. பேசிக்கொண்டிருந்தார்கள்.

வீரய்யாவின் தொண்டையிலிருந்து ஒரு விம்மல் சத்தமாக வந்துவிட்டது.

இரண்டு வட்டமும் ஒருசேர நின்றன.

சுருங்கவில்லை. பெருக்கவில்லை. விகாரையில் ஓதுவது நின்றிருந்தது. முன்கண்ணாடி மெல்லத் தெளிந்து, வெறுமையாகி, அப்பால் வீட்டுச் சுவர் தெரிந்தது. பிறகு, முழுக்க ஏற்றியிருந்த சாரதிக் கதவுக் கண்ணாடி, உள்பக்கமாக, அவன் முகத்துக்கு நேரே மங்கத் தொடங்கியது.